பதினைந்து கோடியும் ஒரு சாணும்



சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலான சராசரித் தூரம் 14,95,97,870.7 கிலோமீட்டர். 2012இல் பெய்ஜிங்கில் கூடிய பன்னாட்டு வானியல் ஒன்றியம் 'வானியல் அலகு' என்னும் நீளத்துக்கு இந்த எண்ணையே வரையறையாக வைத்துவிட்டது. புள்ளிக்குப் பின்னால் நிற்கும் அந்த 7, வெறும் 700 மீட்டர். விண்கலம் ஓட்டுபவர்களுக்கு அது வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு வேண்டாம். அங்கே 15 கோடி போதும். அந்த ஓர் எண்ணையும் அதற்குத் துணையாக ஏழு எண்களையும் வைத்துக்கொண்டு கழித்தலில் தொடங்கிக் கனமூலம் வரை நடத்தலாம் என்பதே நான் சொல்ல வந்தது.

ஏன் கோள்கள்? நம் பாடநூல் கணக்குகளில் வருகிற பழ வியாபாரியை எல்லோருக்கும் தெரியும். அவர் 240 மாம்பழம் வாங்குவார், எட்டுக் கூடைகளில் பிரிப்பார், ஒன்றுகூட மிஞ்சாது. விடை வழவழப்பாக வரும்படி எண்களை முன்பே செதுக்கி வைத்திருப்பார்கள். இதிலேயே வளர்கிற பிள்ளை, மீதி வந்துவிட்டால் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டோம் என்று பயந்து அழிக்கிறது. கோள்களின் தூரங்களை யாரும் நமக்காகச் செதுக்கவில்லை. எதை வைத்துக்கொள்வது, எதை உதிர்ப்பது என்று பிள்ளையே முடிவுசெய்தாக வேண்டும். அந்த முடிவெடுக்கும் பழக்கம்தான் கணக்கின் பாதி. அதற்கு மதிப்பெண் போடும் வழக்கம் நம்மிடம் இல்லை.

முதலில் ஒரு சில்லறைச் சிக்கலைத் தீர்த்துக்கொள்வோம். ஆங்கில நூல்கள் 149.6 மில்லியன் என்கின்றன. நாம் கோடியில் எண்ணுகிறோம். ஒரு மில்லியன் என்பது பத்து லட்சம், பத்து மில்லியன் ஒரு கோடி. ஆகவே பத்தால் வகுக்க வேண்டும்: 14.96 கோடி. காற்புள்ளியும் இடம் மாறும். 149,600,000 என்பதை நாம் 14,96,00,000 என்று எழுதுவோம். வகுக்க மறந்து 149.6 கோடி என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? பூமி சனிக்கோளையும் தாண்டிப் போய்விடும். தசமப் புள்ளியின் அருமையைச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இனி அந்த எட்டு எண்கள். கோடி கிலோமீட்டரில், முழு எண்ணாக்கிச் சொல்கிறேன்: புதன் 6, வெள்ளி 11, பூமி 15, செவ்வாய் 23, வியாழன் 78, சனி 143, யுரேனஸ் 287, நெப்டியூன் 450. இவற்றைக் கரும்பலகையில் எழுதியதும் உடனே கணக்குப் போடச் சொல்லாதீர்கள். ஒரு கோடி கிலோமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டு துணியில் குறிக்கச் சொல்லுங்கள். பூமி 15 சென்டிமீட்டரில் வரும். அதாவது ஜியாமெட்ரி பாக்ஸில் கிடக்கிற அடிக்கோலின் நீளம். செவ்வாய் 23 சென்டிமீட்டர், சரியாக ஒரு சாண். புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் நான்கும் ஒரு சாணுக்குள் அடங்கிவிடுகின்றன. அடுத்ததைக் குறிக்க இன்னும் 55 சென்டிமீட்டர், ஒரு முழத்துக்கும் மேலே, வெறும் துணியில் போக வேண்டும். சனி ஏறக்குறைய மூன்று முழம். எட்டு முழ வேட்டியில் யுரேனஸ் வரை இடமுண்டு, நெப்டியூனுக்கு இல்லை. அதற்குப் பத்து முழம் வேண்டும். ஐந்தரை மீட்டர்ப் புடவையை விரித்தால் நெப்டியூனைக் குறித்த பிறகும் ஒரு மீட்டர் மிஞ்சும்.

பாடநூல் படத்தில் எட்டுக் கோள்களும் சம இடைவெளியில் பேருந்துக்கு நிற்பதுபோல வரிசையாக நிற்கும். பக்கத்துக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக வரைந்த படம் அது. துணியில் ஒருமுறை குறித்த பிள்ளை அதை நம்பாது. இதே அளவில் சூரியனை எவ்வளவு பெரிதாகப் போடுவது என்று யாராவது கேட்பார்கள், கேட்க வேண்டும். சூரியனின் விட்டம் சுமார் 14 லட்சம் கிலோமீட்டர், ஒரு கோடியில் 0.14 பங்கு, ஆக 1.4 மில்லிமீட்டர். ஒரு கேழ்வரகு மணி. பூமி கண்ணுக்கே தெரியாது. கோள்களின் உருவத்தையும் தூரத்தையும் ஒரே அளவில் ஒரே தாளில் வரைய முடியாது என்பதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

வகுத்தலுக்கு ஒளி. வினாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். 15 கோடியை 3 லட்சத்தால் வகுக்க நீள்வகுத்தல் தேவையில்லை, பூஜ்யங்களை அடித்தால் 1500ஐ 3ஆல் வகுப்பதாகச் சுருங்குகிறது: 500 வினாடி, அதாவது 8 நிமிடம் 20 வினாடி. துல்லியமான எண்களைப் போட்டால் 499 வினாடி. அவ்வளவு இலக்கங்களை உதிர்த்தும் நாம் இழந்தது ஒரே வினாடி! நெப்டியூனுக்கு 450 கோடியை வகுத்தால் 15,000 வினாடி, 4 மணி 10 நிமிடம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் நிற்காமல் ஓடும் ரயிலில் சூரியனுக்குப் புறப்பட்டால் ஒரு நாளைக்கு 2,400 கிலோமீட்டர், மொத்தம் 62,500 நாள், 171 ஆண்டு. பயணச்சீட்டு விலையைப் பிள்ளைகளே கேட்பார்கள், அதையும் போட்டுப் பார்க்கலாம்.

விழுக்காட்டுக்கு, சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 கலம். 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியபோது, அது சூரியனுக்குப் பக்கத்தில் போய் வெந்துவிடாதா என்று பலர் கவலைப்பட்டார்கள். அது நிற்கும் இடம் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர். 15 கோடியில் 15 லட்சம் என்பது நூற்றில் ஒன்று. துணியில் குறித்தால் பூமிக்கு ஒன்றரை மில்லிமீட்டர் முன்னால். மாறாக, 2024 டிசம்பர் 24 அன்று சூரியப் பரப்பிலிருந்து 61 லட்சம் கிலோமீட்டர் வரை நெருங்கிய பார்க்கர் கலம் நம் துணியில் அரைச் சென்டிமீட்டரைச் சற்றே தாண்டிய புள்ளி. கவலைப்பட வேண்டியது அதற்குத்தான்.

கழித்தலில்தான் கண்ணி இருக்கிறது. செவ்வாய்க்கும் பூமிக்கும் எவ்வளவு தூரம்? 23இலிருந்து 15ஐக் கழித்து 8 கோடி என்பார்கள். கழித்தல் சரி. ஆனால் 2003 ஆகஸ்ட் 27 அன்று செவ்வாய் நம்மிடமிருந்து 5.58 கோடி கிலோமீட்டரில் இருந்தது. இரண்டரைக் கோடி எங்கே போயிற்று? இங்கேதான் சராசரி என்றால் என்ன என்று கேட்க வேண்டும். செவ்வாயின் பாதை நீள்வட்டம், சூரியனிடமிருந்து 20.67 கோடி வரை நெருங்கும், 24.92 கோடி வரை விலகும். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் வருவதே நம் 23. பூமியும் 14.71க்கும் 15.21க்கும் நடுவே ஊசலாடுகிறது. செவ்வாய் நெருங்கியும் பூமி விலகியும் நிற்கும் நேரத்தில் இரண்டும் ஒரே பக்கம் வந்தால் 20.67இலிருந்து 15.21ஐக் கழிக்க வேண்டும்: 5.46. 2003இல் ஏறக்குறைய அது நடந்தது. இன்னொன்று, பூமி சூரியனை மிக நெருங்குவது ஜனவரித் தொடக்கத்தில், மார்கழிப் பனியில். மிக விலகுவது ஜூலைத் தொடக்கத்தில், ஆனியில். வெயிலுக்குக் காரணம் தூரம்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கும் வகுப்பில் இந்த இரண்டு எண்களையும் சொல்லிவிட்டுப் பேசாமல் நின்றுபாருங்கள்.

அதே 2003இல் ஒரு மின்னஞ்சல் சுற்றியது. 75 மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கியில் பார்த்தால், வெறும் கண்ணுக்கு முழுநிலா தெரியும் அளவில் செவ்வாய் தெரியும் என்பது செய்தி. போகப்போகத் தொலைநோக்கி உதிர்ந்துவிட்டது. ஆகஸ்ட் வந்தால் இன்றும் 'இரண்டு நிலவு' என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். விகிதம் கற்ற ஆறாம் வகுப்புப் பிள்ளை இதை இரண்டு வரியில் முடித்துவிடலாம். செவ்வாயின் விட்டம் நிலவைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆகவே நிலவளவு தெரிய வேண்டுமானால் நிலவின் தூரத்தைப்போல் இரண்டு மடங்கில், 7.5 லட்சம் கிலோமீட்டரில் இருக்க வேண்டும். இருந்ததோ 558 லட்சத்தில். வகுத்துப் பாருங்கள், அந்த 75 வெளியே வரும்.

செவ்வாய்க்குப் போன மங்கள்யானையும் விட்டுவிட மனமில்லை. செலவு 450 கோடி ரூபாய், கடந்த தூரம் 65 கோடி கிலோமீட்டர் என்றார்கள். கோடிக்குக் கோடி அடித்துவிட்டால் 450ஐ 65ஆல் வகுக்க, கிலோமீட்டருக்கு 7 ரூபாய். 2014இல் நியூயார்க்கில் பேசிய பிரதமர், அகமதாபாத் ஆட்டோவுக்கே கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய் ஆகிறது என்று இதை ஒப்பிட்டார். செவ்வாய் 6 கோடிக்குள் வந்துபோகும்போது 65 கோடி ஏன் என்ற கேள்வி எழும். கலம் நேர்கோட்டில் போகவில்லை, சூரியனைச் சுற்றி அரைவட்டமாகப் போனது. 15க்கும் 23க்கும் சராசரி 19. அதை 22/7ஆல் பெருக்கினால் அரைவட்டத்தின் நீளம் 60 கோடி. ஏழாம் வகுப்புச் சூத்திரத்தில் போட்டுப் பார்த்து இவ்வளவு நெருங்கினால் அது வெற்றிதான்.

எண் வரிசை விளையாட்டு ஒன்றும் இருக்கிறது. 0, 3, 6, 12, 24, 48, 96 என்று இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொன்றோடும் 4ஐக் கூட்டிப் பத்தால் வகுத்தால் 0.4, 0.7, 1, 1.6, 2.8, 5.2, 10 என்று வருகிறது. பூமியின் தூரத்தை 1 என்று கொண்டால் இவை கோள்களின் தூரங்கள். ஜெர்மானியரான டிட்டியஸ் 1766இல் தாம் மொழிபெயர்த்த நூலில் இதைச் செருகினார், போடே 1772இல் பரப்பினார். 1781இல் ஹெர்ஷல் கண்ட யுரேனஸ் 19.2இல் இருந்தது, வரிசை சொன்னது 19.6. காலியாக இருந்த 2.8இல் 1801 ஜனவரி 1 அன்று பலெர்மோவில் பியாஸ்ஸி சீரிஸைக் கண்டார். ஊரே நம்பிவிட்டது. 1846இல் நெப்டியூன் வந்து 30இல் நின்றது, வரிசை சொன்னதோ 38.8. வேடிக்கை என்னவென்றால், நெப்டியூனின் இடத்தைக் காகிதத்தில் கணித்த லெவெரியேவும் ஆடம்ஸும் கணக்கைத் தொடங்கியதே இந்தத் தவறான தூரத்திலிருந்துதான். வானத்தில் திசை மட்டும் சரியாக விழுந்தது. இரட்டித்தலுக்கு நல்ல பயிற்சி, அதற்குமேல் இந்த வரிசையைத் தூக்கிவைக்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

நான் உண்மையில் பேச விரும்பும் வரிசை வேறு. அது நம் வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. பஞ்சாங்கத்தில் கோள்களின் தூரம் ஒரு வரிகூடக் கிடையாது. காலம் இருக்கிறது. குருப்பெயர்ச்சி, அதாவது வியாழன் ராசி மாறுவது, ஆண்டுக்கொரு முறை. பன்னிரண்டு ராசிக்குப் பன்னிரண்டு ஆண்டு. சனி ராசிக்கு இரண்டரை ஆண்டு. ஏழரைச் சனி என்று மூன்று ராசிக் கணக்கை எழுதப்படிக்கத் தெரியாத பாட்டியும் சொல்லுவார். பன்னிரண்டு ராசிக்கு 30 ஆண்டு. பெயர்ச்சிப் பலன்களில் எனக்கு நம்பிக்கை கிடையாது, பெயர்ச்சித் தேதிகளில் உண்டு.

1618இல் கெப்ளர் கண்டு அடுத்த ஆண்டு நூலில் வெளியிட்ட விதி ஒன்று: ஒரு கோள் சுற்றிவரும் காலத்தை ஆண்டில் எழுதி அதன் வர்க்கத்தை எடுத்தால், சூரியனிலிருந்து அதன் தூரத்தைப் பூமியின் தூரத்தால் அளந்து எடுத்த கனத்துக்குச் சமம். பூமியைப்போல் 4 மடங்கு தூரத்தில் ஒரு கோள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 4இன் கனம் 64, அது 8இன் வர்க்கம், ஆகவே 8 ஆண்டு. 9 மடங்கு என்றால் கனம் 729, 27இன் வர்க்கம், 27 ஆண்டு. இப்போது தலைகீழாகத் திருப்புவோம். குருவுக்கு 12 ஆண்டு. வர்க்கம் 144. எந்த எண்ணின் கனம் 144? ஐந்தின் கனம் 125, ஆறின் கனம் 216. ஐந்துக்குப் பக்கத்தில். 5.2ஐ மூன்று முறை பெருக்கினால் 140.6. போதும். 5.2ஐ 15 கோடியால் பெருக்குங்கள்: 78 கோடி கிலோமீட்டர். துணியில் நாம் குறித்த அதே 78.

சனிக்கு 30. வர்க்கம் 900. ஒன்பதின் கனம் 729, பத்தின் கனம் 1000. 9.6 போட்டால் 885, 9.7 போட்டால் 913. நடுவே 9.65, பதினைந்தால் பெருக்க 145 கோடி. உண்மை 143. சனி சுற்றுவது முழு 30 ஆண்டல்ல, இருபத்தொன்பதரைதான் என்று திருத்தினால் 9.55 வரும், பெருக்கினால் 143. கால்குலேட்டர் இல்லாமல், கனமூலத்துக்குச் சூத்திரமும் இல்லாமல், இரண்டு பக்கத்திலிருந்தும் நெருக்கிப் பிடிக்கும் இந்த முறை பிள்ளைகளுக்கு ஒரே மாலையில் கைவந்துவிடும்.

கெட்டிக்காரப் பிள்ளை அடுத்து என்ன கேட்கும்? சுக்கிரன், அதாவது வெள்ளி, ராசிக்குச் சுமார் ஒரு மாதம், ஆண்டுக்கு ஒரு சுற்று; அப்படியானால் பூமி இருக்கும் தூரத்தில்தான் சுக்கிரனும் இருக்கிறதா? வகுப்பில் இந்தக் கேள்வி வந்துவிட்டால் அன்றைய பாடம் வென்றுவிட்டது. புதனும் வெள்ளியும் சூரியனுக்கு உள்வட்டக்காரர்கள். நாம் பார்க்கும்போது சூரியனை விட்டு அதிக தூரம் விலகாமல் அதன் கூடவே ராசிகளைச் சுற்றுகிறார்கள், ஆகவே சராசரியில் ஓராண்டுதான் வரும். அது சூரியனின் கணக்கு, அவர்களுடையதல்ல. அவர்களுக்குக் கோணம் வேண்டும். வெள்ளி சூரியனை விட்டு விலகும் மிகப்பெரிய கோணம் 46 பாகை அளவில். அதன் சைன் மதிப்பு 0.72, தூரமும் அதுவே. புதனுக்குச் சராசரியாக 23 பாகை, 0.39. பத்தாம் வகுப்பு வரும்வரை அந்தப் பிள்ளை காத்திருக்கட்டும், காத்திருக்க ஒரு காரணம் கிடைத்தது.

குருவுக்கு 12 ஆண்டு என்பதும் தோராயம்தான், உண்மை 11.86. வித்தியாசம் 0.14. ஏழு சுற்றுக்கு 0.98, கிட்டத்தட்ட ஓராண்டு. கும்பகோணத்தில் மகாமகம் நடப்பது குரு சிம்மத்தில் நிற்கும் மாசியில். 2004, 2016, அடுத்து 2028. இந்தப் பன்னிரண்டு எப்போதாவது பதினொன்றாகக் குறைந்தே தீர வேண்டும் என்று மீதிகளைக் கூட்டியே சொல்லிவிடலாம்.

ஆனால் கெப்ளர் விதி விகிதத்தைத்தான் தரும். நான் சந்தடியில்லாமல் 15 கோடியால் பெருக்கிவிட்டேன். அந்த 15 கோடி எங்கிருந்து வந்தது? கெப்ளருக்கே அது தெரியாது. சூரியன் இரண்டு கோடி கிலோமீட்டருக்குச் சற்று மேலே இருக்கலாம் என்று கருதினார், அது உண்மைத் தூரத்தில் ஏழில் ஒரு பங்கு. விகிதமெல்லாம் சரி, அளவுகோல் தவறு. ஒரே ஒரு தூரத்தை நேரில் அளந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். 1672இல் காசினி பாரிஸிலும் ரிஷே தென் அமெரிக்கக் கரையிலுள்ள கயேனிலும் இருந்துகொண்டு செவ்வாயைப் பார்த்து 14 கோடி அளவுக்கு வந்தார்கள். இன்னும் நல்ல வழி, வெள்ளி சூரியனைக் கடப்பதை உலகின் பல மூலைகளிலிருந்து நேரம் குறிப்பது. ஹாலி சொல்லிவைத்த அந்த வழிக்கு 1761இலும் 1769இலும் வாய்ப்பு வந்தது.

அதற்காகப் புதுச்சேரிக்குப் புறப்பட்டவர் பிரெஞ்சு வானியலர் லெ ஜென்தீல். 1760இல் கிளம்பினார். அவர் வந்து சேருமுன் ஊரை ஆங்கிலேயர் பிடித்துவிட்டார்கள். 1761 ஜூன் 6 அன்று ஆடும் கப்பலில் நின்று பார்த்தார், அளவு எடுக்க முடியவில்லை. அடுத்த ஏழாண்டு இந்தப் பக்கத்துக் கடல்களிலேயே தங்கி, 1768இல் புதுச்சேரிக்கு வந்து ஆய்வுமேடை கட்டினார். 1769 ஜூன் 4 காலை மேகம் மூடிக்கொண்டது. ஊர் திரும்பியபோது இறந்துவிட்டதாகக் கருதி, அறிவியல் கழகத்தில் அவர் இருக்கையை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள்.

அந்தக் காத்திருப்பில் அவர் ஒன்றைக் குறித்துவைத்தார், நமக்கு அதுதான் முக்கியம். புதுச்சேரித் தமிழர் ஒருவர் கிரகணம் கணிப்பதைக் கூடவே இருந்து கற்றார். தாளில்லை, எழுதுகோலில்லை, வாய்பாடுகள் மனத்தில், எண்கள் தரையில் சோழிகளாக. 1765 ஆகஸ்ட் 30 அன்று நடந்த சந்திர கிரகணத்தின் கால அளவை அந்த முறையில் போட்டால் 41 வினாடி குறைந்தது, அன்றைய ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையான மேயரின் அட்டவணைப்படி போட்டால் 68 வினாடி மிகுந்தது. நம் முன்னோர் எல்லாம் அறிந்திருந்தார்கள் என்று மார்தட்ட இதைச் சொல்லவில்லை. சோழிக்காரருக்குச் சூரியனின் தூரம் தெரியாது, அவர் கணக்குக்கு அது தேவைப்படவும் இல்லை. நான் கவனிப்பது அவருடைய கைப்பழக்கத்தை. பெரிய எண்களைக் கையால் அள்ளி, கூட்டி, மீதியை ஒதுக்கி வைத்து, அது எப்போது ஒன்றாகத் திரளும் என்று பார்த்துக்கொண்டே போகும் பழக்கம்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தக் கணக்குகளைத் தேர்வில் கேட்டால், விடைக்குப் பக்கத்தில் 'எந்த எண்ணை எதுவாக முழுமையாக்கினேன்' என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அந்த வரிக்கு ஒரு மதிப்பெண். 500 வினாடி என்று எழுதியவருக்கும் 499 என்று எழுதியவருக்கும் ஒரே மதிப்பெண். 499.004783 என்று ஒன்பது இலக்கத்தைக் கால்குலேட்டரிலிருந்து அப்படியே இறக்கி வைத்தவருக்கு ஒன்று குறையுங்கள்.

திங்கட்கிழமை வகுப்புக்கு ஒரு கணக்குத் தந்துவிட்டு அமர்கிறேன். ஹாலி வால்விண்மீன் சுமார் 76 ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. 76இன் வர்க்கம் 5,776. 18இன் கனம் 5,832. ஆக அதன் சராசரித் தூரம் பூமியைப்போல் 18 மடங்கு, பாதையின் முனைக்கு முனை நீளம் 36. சூரியனுக்கு அருகில் வரும்போது 0.6. மறுமுனை எங்கே என்று கழித்து, பதினைந்தால் பெருக்கி, புடவையில் குறிக்கச் சொல்லுங்கள், முந்தானையில் போய் நிற்கும். கடைசியாக 1986 பிப்ரவரியில் வந்தது, அடுத்து 2061 ஜூலையில். மறுமுனையை எந்த ஆண்டில் தொட்டுத் திரும்பியிருக்கும் என்பது சராசரிக் கணக்கு. 2061இல் தனக்கு என்ன வயதாகும் என்பது கழித்தல் கணக்கு. பிறந்த மாதத்தைப் பொறுத்து இதில் ஒன்று கூடும், குறையும், மதிப்பெண்ணைக் கொடுத்துவிடுங்கள்.